வெகுஜன நாவலுக்குள் நுழைபவருக்கு: எதில் தொடங்குவது, எப்படிப் படிப்பது, எங்கே வாங்குவது

தமிழில் கதை படிக்கலாம் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தைத்தான். இரண்டாம் பாகத்தின் நடுவில் அது அலமாரிக்குப் போய்விடுகிறது. அதற்குக் கல்கியையும் குறை சொல்ல முடியாது, வாங்கியவரையும் குறை சொல்ல முடியாது. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாராவாரம் வந்த கதையைப் பத்து நாளில் முடிக்கப் பார்ப்பதில்தான் தகராறு.

வெகுஜனக் கதைகளில் எழுத்தாளர் யார் என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது முதலில் எதில் வந்தது? வாரப் பத்திரிகைத் தொடரா, மாத நாவலா, நேராகப் புத்தகமா? கதையின் நீளம், வேகம், அலுப்புத் தட்டும் இடங்கள் எல்லாவற்றையும் தீர்மானித்தது அதுதான். அது தெரிந்தால் எந்த வேகத்தில் படிக்க வேண்டும், எதைத் தாண்டிப் போகலாம் என்பது தானாகப் புரியும்.

முதல் வேலை: கதை எதில் வந்தது என்று பாருங்கள்

புத்தகத்தைத் திறந்ததும் பதிப்பு விவரப் பக்கத்தையும் முன்னுரையையும் பாருங்கள். ‘குமுதத்தில் தொடராக வந்தபோது’ என்பது போல ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் ஏதாவது மூன்று அத்தியாயங்களின் கடைசி வரிகளை மட்டும் படியுங்கள். மூன்றிலும் யாரோ கதவைத் தட்டினால், யாரோ திடுக்கிட்டால், அது வாரத் தொடர்.

வாரத் தொடரில் ஒரே விஷயம் திரும்பத் திரும்பச் சொல்லப்படும். போன வாரம் படித்ததை மறந்திருப்பார்களே என்று ஆசிரியர் நினைவூட்டுகிறார். புத்தகத்தில் அதுவே சலிப்பாகிறது. ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் அந்த நினைவூட்டல் தொந்தரவாக இராது, சில நாள் உதவியாகக்கூட இருக்கும். பத்து அத்தியாயத்தை ஒரே மூச்சில் படித்தால், திடுக்கிடும் முடிவு பத்தும் ஒன்றையொன்று கொன்றுவிடும்.

மாத நாவல் வேறு ஜாதி. ‘ராணி முத்து’, ‘மாலைமதி’, ‘க்ரைம் நாவல்’, ‘பாக்கெட் நாவல்’ என்று பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையிலும் ரயில்வே ஸ்டேஷன் புத்தகக் கடையிலும் தொங்கியவை. சுமார் நூறு பக்கம், ஒரே கதை, ஒரே உட்காரலில் முடிய வேண்டியது. திருச்சியில் ஏறினால் மதுரைக்குள் முடிந்துவிடும். இதை நாளைக்கு ஒரு அத்தியாயமாக இழுத்துப் படித்தால் கொலை செய்தவன் பெயரே மறந்துபோகும். அடுத்த மாத நாவலின் தலைப்பு முந்தைய இதழிலேயே விளம்பரமாகிவிடும் என்பதால், தலைப்புக்கும் கதைக்கும் உறவு மெலிதாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அட்டைப்படத்துக்கும் கதைக்கும் உறவே இல்லாமல் போவதும் உண்டு.

முதல் நான்கு புத்தகங்கள்

தொடக்கத்துக்கு 200 பக்கத்துக்குள் முடிகிற புத்தகங்களே போதும். ஒரே ஆளின் நான்கு புத்தகத்தை வாங்காமல் நான்கு பேரிடம் ஒவ்வொன்றாக வாங்குங்கள்: தேவன், சுஜாதா, ராஜேஷ்குமார், நான்காவதாகப் பட்டுக்கோட்டை பிரபாகர் அல்லது சுபா.

தேவனில் ‘துப்பறியும் சாம்பு’. ஆனந்த விகடனில் வந்த தனித்தனிக் கதைகள் என்பதால் எங்கே திறந்தாலும் படிக்கலாம். சாம்பு அசடு. தப்பாக எதையோ செய்யப்போய், அது தற்செயலாகக் குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்கும். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மேதைமை என்றே நம்புவார். மூன்று கதையில் சூத்திரம் பிடிபட்டுவிடும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு கதைக்கு மேல் வேண்டாம்.

ராஜேஷ்குமார் கோயமுத்தூர்க்காரர். 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள். இவரைப் படிக்க ஒரே ஒரு சங்கதி தெரிந்திருந்தால் போதும். கதை இரண்டு தண்டவாளத்தில் ஓடும். ஒற்றைப்படை அத்தியாயங்களில் ஒரு ஊர், ஒரு குடும்பம். இரட்டைப்படையில் சம்பந்தமே இல்லாத வேறு ஆட்கள். இரண்டும் கடைசிப் பக்கங்களில்தான் சேரும். புதியவர்கள் செய்கிற தவறு, பிடித்த தண்டவாளத்தில் மட்டும் ஓடி மற்றதை மேலோட்டமாகத் தள்ளுவது. முடிச்சு அவிழும்போது, “இந்த ஆள் யார்?” என்று முதலிலிருந்து புரட்ட வேண்டிவரும். முதல் நான்கு அத்தியாயத்தில் வரும் பெயர்களை ஒரு துண்டுத்தாளில் குறித்து வையுங்கள். இவர் கதைகளில் விஞ்ஞானம், மருந்து சம்பந்தப்பட்ட தகவல் ஏதாவது எங்கோ ஓரமாக வந்தால் அதைத் தாண்டாதீர்கள், கொலை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். விவேக்–ரூபலா வரும் நாவலில் தொடங்குவது நல்லது. துப்பறிகிறவர் யார் என்ற குழப்பமாவது மிச்சம்.

பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா கதைகளில் வழக்கைவிடப் பேச்சுதான் முக்கியம். சுசீலாவின் டி-ஷர்ட் வாசகங்களுக்கென்றே படித்தவர்கள் உண்டு. இரட்டை எழுத்தாளர்களான சுபா (சுரேஷ், பாலகிருஷ்ணன்) நரேந்திரன்–வைஜெயந்தி ஜோடியை வைத்து எழுதினார்கள். துரத்தலும் சண்டையும் காட்சியாகத் தெரியும். பின்னாளில் அவர்கள் சினிமாவுக்குத் திரைக்கதை எழுதப் போனதில் வியப்பில்லை.

இவர்களில் எவரையும் ஒரே புத்தகத்தை வைத்துத் தள்ளிவிடக் கூடாது. மாதாமாதம் கெடுவுக்கு எழுதியவர்கள். கெடு நெருக்கிய மாதமும் இருக்கும், கை நன்றாக ஓடிய மாதமும் இருக்கும். இரண்டாவது புத்தகமும் ஒட்டவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம்.

சுஜாதாவை எந்த வரிசையில் படிப்பது

சுஜாதாவுக்குத் தனி இடம் வேண்டியிருக்கிறது. ஏனென்றால் தவறான வாசலில் நுழைகிறவர்கள் இவரிடம்தான் அதிகம். எஸ். ரங்கராஜன் என்ற பொறியாளர், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை, எழுத்து ஒரு பக்கம். துப்பறியும் கதை, விஞ்ஞானக் கதை, ஸ்ரீரங்கத்து நினைவுகள், நாடகம், கட்டுரை எல்லாம் எழுதினார். கடையில் எல்லாம் ஒரே அடுக்கில் இருக்கும்.

துப்பறியும் கதை வேண்டுமென்றால் முன்னட்டையிலோ பின்னட்டையிலோ கணேஷ்–வசந்த் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருவரும் வக்கீல்கள். ஆரம்பக் கதைகளில் கணேஷ் தனியாக வருவார், வசந்த் பிறகுதான் சேருகிறான். ‘நைலான் கயிறு’ படித்துவிட்டு வசந்த் எங்கே என்று தேட வேண்டாம். குறுநாவல் ஒன்றில் தொடங்கி, பிறகு ‘நிர்வாண நகரம்’, அதற்கும் பிறகு ‘கொலையுதிர் காலம்’ என்று போகலாம். கடைசியாகச் சொன்னதை முதலில் எடுக்காதீர்கள். பேயா, விஞ்ஞானமா என்று இரண்டு பேரும் முட்டிக்கொள்வதுதான் அதன் ருசி. யார் எப்படி வாதாடுவார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால்தான் அது ஏறும். ‘ப்ரியா’ சினிமாவாகப் பார்த்தவர்கள் கதை தெரியும் என்று தள்ள வேண்டாம். படம் சிங்கப்பூரில், நாவல் லண்டனில். வேறுபாடு ஊரோடு நிற்கவில்லை.

வசந்த் அடிக்கடி ஆரம்பிக்கும் மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் முழுசாக எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தேடித் திரிகிறவர்கள் உண்டு. எதிலும் இல்லை. ஒவ்வொரு முறையும் யாராவது குறுக்கே வந்துவிடுவார்கள், அல்லது கணேஷ் வாயை அடைத்துவிடுவார்.

விஞ்ஞானக் கதைக்கு ‘என் இனிய இயந்திரா’ முதலில், ‘மீண்டும் ஜீனோ’ பிறகு. இந்த வரிசை மாறினால் இரண்டும் பாழ். முதலாவது 2021-ல் நடப்பதாக எழுதப்பட்டது. அந்த ஆண்டு நமக்குப் பின்னால் போய்விட்டதால், எது பலித்தது எது பலிக்கவில்லை என்று கணக்குப் பார்த்துக்கொண்டே படிப்பது தனிச் சுகம்.

பதிப்பு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. எழுத்தை அடுக்கும் விதத்திலேயே வித்தை காட்டியவர் சுஜாதா. படியில் ஒருவன் இறங்கினால் ‘இறங்கினான்’ என்ற சொல்லின் எழுத்துகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிப்படியாக இறங்கும். மின்னூலாக மாற்றும்போது இந்த மாதிரி இடங்கள் தட்டையாகிவிடலாம். அச்சுப் புத்தகம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

சரித்திர நாவலுக்கு வரும்போது

கல்கியில் ‘பார்த்திபன் கனவு’ முதலில். மூன்றில் சின்னது, எழுதப்பட்ட வரிசையிலும் முதலாவது. ‘சிவகாமியின் சபதம்’ காலத்தால் அதற்கு முந்தைய கதைதான், ஆனால் பின்னால் எழுதியது. காலவரிசை என்று நினைத்து சபதத்தை முதலில் படித்தால் நஷ்டம் பெரிதாக இல்லை. எழுதிய வரிசையில் படித்தால் கல்கியின் கை எப்படி விரிந்தது என்று தெரியும்.

இனி ‘பொன்னியின் செல்வன்’. ஐந்து பாகத்திலும் 57, 53, 46, 46, 91 என்று மொத்தம் 293 அத்தியாயங்கள். நாளைக்கு மூன்று என்றால் சுமார் நூறு நாள். கடைசிப் பாகம் ஒன்றே கிட்டத்தட்ட இரண்டு பாக நீளம் என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘கடைசிப் பாகத்துக்கு வந்துவிட்டோம்’ என்று மூச்சு விடுகிறவர்கள் அங்கேதான் களைத்துப்போகிறார்கள்.

குழப்பம் பெயர்களில்தான் வரும். அருள்மொழிவர்மர், பொன்னியின் செல்வர், பின்னாளில் ராஜராஜ சோழர் மூவரும் ஒருவரே. பழுவேட்டரையர் என்றால் இருவர்: பெரியவர் தனாதிகாரி, சின்னவர் தஞ்சைக் கோட்டைக் காவல் அதிகாரி. பார்த்திபேந்திரன் பல்லவன், அவனைப் பார்த்திபன் கனவோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சோழர் வம்ச வரிசை ஒன்றை அரைப் பக்கத்தில் எழுதி முதல் பாகத்தின் உள்ளட்டையில் செருகி வையுங்கள்: விஜயாலயன், ஆதித்தன், பராந்தகன், கண்டராதித்தர், அரிஞ்சயர், சுந்தர சோழர், அவருடைய மூன்று பிள்ளைகள் (ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி). மதுராந்தகர் கண்டராதித்தர் கிளை என்பது மட்டும் மனதில் நின்றால் போதும், சதி ஏன் நடக்கிறது என்பது பாதி புரிந்துவிடும்.

எது வரலாறு, எது கற்பனை என்ற கேள்வி நடுவில் வரும். கதையின் நாயகன் வந்தியத்தேவன் குந்தவையின் கணவர் என்பதற்குக் கல்வெட்டு உண்டு. நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் படைப்பு. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களாக உடையார்குடிக் கல்வெட்டு குறிப்பிடும் பெயர்களில் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் உண்டு. அந்தப் பெயர்களைக் கல்கி அப்படியே கதைக்குள் இறக்கிவிட்டார். அந்தக் கல்வெட்டு இருப்பது காட்டுமன்னார்கோவிலில். வந்தியத்தேவன் முதல் அத்தியாயத்தில் குதிரையில் வருகிற வீரநாராயண ஏரியும் அதே ஊரை ஒட்டித்தான். முடிவில் நிற்கும் கொலையின் சாட்சி, தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கல்லில் இருக்கிறது. நாவலை முடித்த பிறகு இந்த விஷயங்களுக்குள் போனால்தான் கதை கெடாது.

சாண்டில்யன் கல்கிக்குப் பிறகு. ‘யவன ராணி’ இரண்டு பாகம், ‘கடல் புறா’ மூன்று பாகம். கடற்போர், கப்பல் கட்டுமானம், கோட்டை முற்றுகை ஆகியவற்றில் இவர் கெட்டிக்காரர். அந்தப் பக்கங்களை நிதானமாகப் படியுங்கள். நாயகியின் அழகு வருணனை பத்தி பத்தியாக, சில சமயம் பக்கம் பக்கமாகப் போகும். கதை அதில் ஓர் அடி நகராது. தாண்டிப் போனால் எதுவும் இழப்பில்லை. தாண்டும்போது பத்தியின் முதல் வரியை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள், உரையாடல் தொடங்கும் இடத்தில் நில்லுங்கள்.

பாலகுமாரனின் ‘உடையார்’ ஆறு பாகம், ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயில் கட்டிய கதை. இதைப் ‘பொன்னியின் செல்வ’னின் தொடர்ச்சி என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். வேகமான சதிக்கதை அல்ல, ஆட்கள் நின்று பேசுகிற, யோசிக்கிற நாவல்.

குடும்ப நாவல்கள்

துப்பறியும் கதை வாசகர்கள் இந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை, அது அவர்கள் நஷ்டம். லெண்டிங் லைப்ரரிகளை வாழவைத்தது லட்சுமி, சிவசங்கரி, இந்துமதி, அனுராதா ரமணன், ரமணிசந்திரன் ஆகியோரின் புத்தகங்கள்தான். லட்சுமி (டாக்டர் திரிபுரசுந்தரி) மருத்துவர், தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தவர். ‘ஒரு காவிரியைப் போல’ 1984-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. அதில் தொடங்கலாம். சிவசங்கரியில் ‘ஒரு மனிதனின் கதை’. குடிக்கு அடிமையான ஒருவன் எப்படிப் படிப்படியாக விழுகிறான் என்பதை விவரம் சேகரித்து எழுதியது தெரியும்.

ரமணிசந்திரனை அடுத்தடுத்து மூன்று படிக்காதீர்கள். வசதியான, கொஞ்சம் கடுகடுப்பான நாயகன், தன்மானமுள்ள நாயகி, ஒரு தப்பபிப்பிராயம், நல்ல முடிவு. இது தெரிந்தேதான் வாசகிகள் கேட்டு வாங்கினார்கள். மாதம் ஒன்று என்றால் இனிக்கும்.

பழைய புத்தகம் வாங்கும்போது

புதிய பதிப்புகளுக்கு ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி போதும். மாத நாவலுக்கும் பைண்டு செய்த தொடர்கதைக்கும் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடைகளும் உங்கள் ஊர்ப் பழைய பேப்பர் கடையும்தான். பேப்பர் கடைக்காரரிடம் எடைக்குப் போடும் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

பைண்டு தொடர் என்பது வாராவாரம் பத்திரிகையிலிருந்து பக்கத்தைக் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் வீட்டுக்காரர்கள் தைத்து வைத்தது. மணியம், லதா, ஜெயராஜ், மாருதி வரைந்த படங்கள் இதில்தான் இருக்கும், நூல் பதிப்பில் பல சமயம் இராது. வாங்கும் முன் அத்தியாய எண்களை வரிசையாகப் புரட்டுங்கள். ஏதாவது ஒரு வாரம் போயிருக்கும், அதிலும் முதல் வாரமும் கடைசி வாரமும்தான் அதிகம் காணாமல் போகும். பிறகு தையல் ஓரத்தைப் பாருங்கள். இறுக்கித் தைத்திருந்தால் வரியின் முதல் இரண்டு எழுத்துகள் உள்ளே போய்விடும். அதைப் பிரித்துத்தான் படிக்க முடியும், பிரித்தால் தாள் உதிரும்.

ஒரே ஆள் பல பெயரில் எழுதியதையும் தெரிந்துகொள்ளுங்கள். புஷ்பா தங்கதுரையும் ஸ்ரீவேணுகோபாலனும் ஒருவரே. முதல் பெயரில் மசாலா, இரண்டாம் பெயரில் ‘திருவரங்கன் உலா’. தாத்தாவுக்குப் பரிசளிக்கும்போது பெயர் மாறிப்போனால் விபரீதம். குமுதத்தின் ரா.கி. ரங்கராஜன் சூர்யா, ஹம்ஸா, மோகினி, கிருஷ்ணகுமார் என்றெல்லாம் எழுதினார். அப்புசாமி–சீதாப்பாட்டி கதைகளின் பாக்கியம் ராமசாமி, அதே அலுவலகத்து ஜ.ரா. சுந்தரேசன். மாத நாவல்கள் மறுபதிப்பில் இரண்டு மூன்றாகச் சேர்ந்து, அட்டையில் ஒரு தலைப்பு மட்டும் தாங்கி வரும். அதனால் ஒரே கதையை இரண்டு முறை வாங்குவது சாதாரணம். வாங்கியவுடன் தலைப்பு, எழுத்தாளர், முக்கியப் பாத்திரங்களின் பெயர், முதல் வரி நான்கையும் போனில் குறித்துவிடுங்கள். தலைப்பு ஏமாற்றும், முதல் வரி அநேகமாக ஏமாற்றாது.

மாத நாவல் அச்சானது நியூஸ்பிரிண்ட் தாளில். மரக்கூழில் உள்ள லிக்னின் வெயில் பட்டால் மஞ்சளாகி, பிறகு தாள் அப்பளமாக நொறுங்கும். ஜன்னலோர அலமாரி கூடாது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் கத்தி முனையால் நிமிர்த்தி எடுத்துவிட்டு நூலால் இரண்டு முடிச்சுப் போடுங்கள். கிழிசலுக்கு செலோ டேப் ஒட்டவே கூடாது, சில வருடத்தில் பசை பழுப்பாகி எழுத்தோடு உரிந்து வரும். ராமபாணப் பூச்சி இருக்கும் சந்தேகம் வந்தால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரு வாரம் ஃப்ரீஸரில் வையுங்கள். எடுத்தபின் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் வெளியில் வைத்து, பிறகு திறக்க வேண்டும். உடனே திறந்தால் தாளில் வியர்க்கும்.

காசில்லாமல் படிக்க

இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுவரை காப்புரிமை. வடுவூர் துரைசாமி ஐயங்கார் (1942), தேவன் (1957), வை.மு. கோதைநாயகி (1960) மூவரும் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டார்கள். அடைப்பில் இருப்பவை மறைந்த ஆண்டுகள். கல்கியின் எழுத்து நாட்டுடைமையும் ஆயிற்று. மதுரைத் திட்டத்தின் தளத்தில் கல்கி நாவல்கள் எழுத்து வடிவில் கிடைக்கும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகளின் ஸ்கேன் செய்த பக்கங்கள் கிடைக்கும். சுஜாதா மறைந்தது 2008-ல். அவருடைய புத்தகம் எங்காவது சும்மா பி.டி.எஃப்-ஆகக் கிடைத்தால் அது திருட்டு. போதாததற்கு அதில் பக்கங்களும் விட்டுப்போயிருக்கும்.

வடுவூராரின் திகம்பர சாமியார் கதைகளுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். நூறு வருடத்து மணிப்பிரவாளம் (வடமொழி கலந்த தமிழ்), ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். வாய்விட்டுப் படித்தால் சீக்கிரம் பழகும். அச்சில் வேண்டுமென்றால் மயிலாப்பூர் அல்லயன்ஸ் மறுபதிப்புகள் இருக்கின்றன. எங்கும் கிடைக்காத பழைய நாவலுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம், இல்லையென்றால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பின்னதில் புத்தகத்தை வீட்டுக்குத் தரமாட்டார்கள். போகும் முன் அட்டவணையில் தலைப்பைத் தேடி வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் அரை நாள் மிச்சமாகும்.